கட்டையை எப்போ எடுக்கணும்னு தமிழ்ல சொல்லுங்க

கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் இறங்கி மணிக்கூட்டுக் கோபுரம் பக்கமாக நடந்தால் சுவர் முழுக்க ஒரே கனவு. கோட் போட்ட ஒரு பெண், பின்னால் ஒரு விமானம், 'விமான நிலையத் துறையில் உங்கள் எதிர்காலம்'. சிங்களத்திலும் இருக்கு, தமிழிலும் இருக்கு. ஓ.எல். பெறுபேறு வந்த வாரத்தில் போஸ்டர் இரண்டு மடங்காகும். புசல்லாவையிலிருந்தும் கலஹாவிலிருந்தும் ஹேவாஹெட்டையிலிருந்தும் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு வந்து, சீட்டுக் காசையும் நகை அடகு வைத்த காசையும் கட்டிச் சேருகிறார்கள். கட்டணம் எவ்வளவு, எத்தனை தவணை, இடையில் நின்றால் காசு திருப்பித் தர மாட்டோம் என்பதெல்லாம் நல்ல தமிழில் அச்சடிச்சுத் தந்திருக்காங்க. இந்த நாட்டில் அதிசயம், ஓர் எழுத்துப்பிழை கூட இல்லை. ஆனால் உள்ளே போய், வேலைத்தளத்தில் கை கால் உயிரோடு இருப்பது எப்படி என்று சொல்லித் தரும் பக்கத்தைக் கேட்டால், அது ஆங்கிலத்தில் மட்டும்.

இப்படியான மூன்று இடங்களின் பாடக்குறிப்புகளைப் பார்த்திருக்கேன். பெயர் சொல்லப் போறதில்லை. ஒண்ணைத் திட்டி மத்த ரெண்டையும் தப்ப விட எனக்கு விருப்பமில்லை. மூன்றிலும் விமானத்தைத் தரையில் இழுத்துப் போவது பற்றிய பகுதி ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் இல்லை. ஒரே இடத்திலிருந்து கொப்பி அடித்தது போல ஒரே ஆங்கிலம். அதில் ஒரு குறிப்பு கம்பளைப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தியுடையது. பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'சொக் = ?' என்று எழுதி வைத்திருந்தாள். பாடம் முடிந்து, சான்றிதழும் வாங்கியாச்சு. கேள்விக்குறி அப்படியே இருக்கு.

சொக் என்றால் கட்டை, தங்கச்சி. நம்ம ஊர் லொறியில் கிளீனர் சீட்டுக்குக் கீழே கிடக்குமே, அதே கட்டை. கடுகண்ணாவை ஏத்தத்திலோ றம்பொடை வளைவிலோ லொறி நின்றுவிட்டால் டிரைவர் "கட்டையைப் போடு!" என்று கத்துவார். கிளீனர் குதித்து ஓடிப் பின் சில்லுக்கு அடியில் செருகுவான். அவனுக்கு அதைப் போடவும் தெரியும், எப்போ எடுக்கணும் என்றும் தெரியும். டிரைவர் கிளச்சைப் பாதி விட்டு, இஞ்சின் இழுவை சில்லுக்கு வந்ததும் "எடு!" என்பார். அதற்கு முன்னால் எடுத்தால் லொறி பின்னுக்கு வரும். எடுக்கும்போது சில்லுக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது, பக்கவாட்டில் நின்று இழுக்கணும். இதை எந்த நிறுவனமும் அவனுக்குக் காசு வாங்கிச் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் இருந்த ஆள் அவனுக்குப் புரியும் மொழியில் சொன்னார், அவ்வளவுதான்.

விமானத்தை இழுப்பதும் அடிப்படையில் இந்தக் கதைதான். இஞ்சின் அணைத்த விமானத்தை நிறுத்துமிடத்திலிருந்து ஹாங்கருக்கோ, ஒரு வாசலிலிருந்து இன்னொன்றுக்கோ கொண்டு போகணும். ஏ320 மாதிரி ஒன்று வெறுமையாகவே 40 தொன்னுக்கு மேல். இறக்கை நுனிக்கு நுனி சுமார் 35 மீற்றர், மூன்று பெரிய பஸ்களை வரிசையாக நிறுத்தின நீளம். முன்னால் ட்ரக்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு இறக்கை நுனியும் வாலும் எங்கே போகின்றன என்று சரியாகத் தெரியாது. அதனால்தான் இரண்டு இறக்கை நுனியிலும் ஆள் நடக்கணும், அவர்களில் ஒருவர் கண்ணிலிருந்து மறைந்தாலும் ட்ரக்டர் நிற்கணும்.

இழுக்கத் தொடங்க முன்னால் நடக்கிற ஆயத்தத்தில்தான் விஷயமே இருக்கு. முதலில் பிரேக். இஞ்சின் ஓடாதபோது விமானத்துக்குப் பிரேக் எங்கிருந்து வரும்? ஒரு சிலிண்டருக்குள் வாயுவால் அமுக்கிச் சேமித்து வைத்த எண்ணெய் அழுத்தத்திலிருந்து. எயார் பிரேக் லொறியில் இஞ்சின் நின்ற பிறகு தாங்கியில் மிச்சமிருக்கும் காற்று மாதிரி. ஏ320 இல் அந்தச் சேமிப்பு முழுதாக இருந்தால் ஏழு தடவையாவது பிரேக்கை முழுசா மிதிக்கலாம். அதற்கென்று விமானி அறையில் ஒரு மானி இருக்கு. முள் பச்சைக்குள் நிற்கணும், இல்லாவிட்டால் பம்ப் போட்டு ஏற்றணும். இதைப் பார்க்கவும், டோ பார் முறிந்தாலோ கழன்றாலோ பிரேக்கை மிதிக்கவும் மேலே ஒருவர் உட்கார்ந்தே ஆகணும். சும்மா இழுத்துக்கொண்டு போகும்போது அவர் மிதிக்கவும் கூடாது. நடுவழியில் மிதித்தால் முழுப் பாரமும் முன் சில்லுக் காலிலும் டோ பாரிலும் வந்து விழும்.

அடுத்தது முன் சில்லு. பறக்கும் நாளில் அதைத் திருப்புவது எண்ணெய் அழுத்தம். இழுக்கும் நாளில் அதைத் திருப்ப வேண்டியது ட்ரக்டர். இரண்டு எஜமானும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. அதனால் பைபாஸ் பின் என்று ஒரு சின்னக் கம்பியைச் செருகி, மேலே இருந்து சில்லைத் திருப்பும் வழியை அடைத்து வைப்பார்கள். ஒரு சாண் கம்பி, சிவப்புப் பட்டி தொங்கும். அதைப் போடாத நேரத்தில் மேலே யாராவது பெடலைத் தொட்டு, அழுத்தமும் இருந்தால், சில்லு சட்டென்று திரும்பும். அதோடு மாட்டிய டோ பாரும் திரும்பும். அந்த இரும்புத் தண்டு பக்கத்தில் நிற்பவனின் முழங்காலை என்ன செய்யும் என்று விவரிக்கத் தேவையில்லை. இழுத்து முடிந்த பிறகு அதைக் கழற்ற மறந்தால் விமானி ஓட்டத் தொடங்கும்போது சில்லு அவருக்குக் கீழ்ப்படியாது.

டோ பாருக்குள்ளும் ஓர் ஆணி இருக்கு, உடைவதற்கென்றே செய்தது. அளவுக்கு மீறி இழுத்தாலோ திருப்பினாலோ அது முறிந்து விமானத்தின் காலைக் காப்பாற்றும். கையில் கிடைத்த போல்ட்டை அதற்குப் பதில் போடுவது, பியூஸ் போன இடத்தில் தடித்த செப்புக் கம்பி சுற்றுவதற்குச் சமம். நம்ம வீடுகளில் எத்தனை பேர் சுற்றியிருக்கோம்! முன் சில்லுக் கதவில் சிவப்புக் கோடு இருக்கும். எவ்வளவு திருப்பலாம் என்பதன் எல்லை அது. ஏ320 இல் பக்கத்துக்கு 95 பாகை. சுற்றிலும் படி, கேபிள், திறந்த கதவு, கீழே கிடக்கும் சாமான் எல்லாம் பார்த்தாகணும். கடைசியில்தான் கட்டை.

இவ்வளவையும் செய்பவரை நாம் என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம்? வேலை விளம்பரத்தில் 'பயிற்சி பெறாத தொழிலாளர்'. வீட்டில் 'எயார்போர்ட்ல சாமான் தூக்குறான்'. கண்டிப் பக்கத்து லயங்களில் பிறந்தவர்களுக்கு இந்த ஏளனம் புதுசு இல்லை. தாத்தா பாட்டிக்குப் பதிவேட்டில் எழுதின பெயர் 'கூலி'. திறமை என்பது சட்டைக் கொலரில் இருக்கு என்று நம்புகிற சமூகம், கட்டை போடுகிறவனுக்கு என்ன சொல்லித்தர இருக்கு என்று கேட்கும். கேட்டுத்தான் அந்த ஒன்றரைப் பக்கத்தோடு விட்டது.

2015 டிசம்பர் 16, மும்பை. எயார் இந்தியா விமானமொன்று ஹைதராபாத்துக்குக் கிளம்ப இருந்தது. பின்னுக்குத் தள்ளி விட்டாச்சு. காதில் ஹெட்செட்டோடு தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் இன்னும் விமானத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். விமானம் நகர்ந்தது. இஞ்சின் அவரை உள்ளே இழுத்துக்கொண்டது. சைகையொன்றைத் தவறாகப் புரிந்துகொண்டதே காரணம் என்று அப்போதைய செய்திகள் எழுதின. இயந்திரம் எதுவும் பழுதாகவில்லை. 'ஆள் விலகிட்டார், போகலாம்' என்ற ஒரு செய்திதான் சரியாகப் போய்ச் சேரவில்லை.

2024 பெப்ரவரி 6, ஹொங்கொங். விமானத்தை இழுத்துப் போன வாகனத்தில் பக்கத்து ஆசனத்தில் இருந்த 34 வயதுப் பணியாளர் கீழே விழுந்தார். பின்னால் வந்துகொண்டிருந்த விமானத்தின் சில்லு அவர் மேல் ஏறியது. ஆசனப் பட்டி போடவில்லை என்றுதான் பொலிஸ் சந்தேகித்தது. ஆசனப் பட்டி! கொழும்பு போகும் வேனில் பொலிஸைக் கண்டதும் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு பிறகு விட்டுவிடுவோமே, அந்தப் பட்டி.

கலைப்பீடத்துப் பொடியனுக்கு விமானத்தோடு என்ன வேலை என்று பேராதனையில் கூட இருக்கிறவனே கேட்டான். மச்சான், சொல்தான் நம்ம வேலை. இந்த ஆயத்தம் முழுக்கச் சொல்லால் ஓடுகிறது. மேலே இருப்பவர், கீழே ஹெட்செட் போட்டவர், ட்ரக்டர் ஓட்டுபவர், இறக்கை நுனியில் நடப்பவர்கள், ஆளுக்கு ஆள் சொல் கை மாறுது. பிரேக் பிடிச்சிருக்கா, விட்டாச்சா? கட்டை இருக்கா, எடுத்தாச்சா? இதில் மிக மோசமான சொல் எது தெரியுமா? 'ஓகே'. 'பிரேக்?' 'ஓகே.' அதற்கு என்ன அர்த்தம்? நீ சொன்னது காதில் விழுந்தது என்றா, நான் செய்து முடித்துவிட்டேன் என்றா, நீ செய் என்றா? தமிழில் இந்த மூன்றுக்கும் மூன்று சொல் இருக்கு: கேட்டுச்சு, செஞ்சாச்சு, செய். நம்ம லொறி கிளீனர் ஒருபோதும் இதைக் குழப்பமாட்டான்.

இன்னொன்று. அந்த ஆங்கிலக் குறிப்பில் இருக்கும் வாக்கியங்களைப் பாருங்கள். முதலில் 'எடுக்காதே' என்று வரும். எதுவரை எடுக்கக் கூடாது என்பது வாக்கியத்தின் கடைசியில் வரும். அந்தச் சின்னச் சொல்லை, 'வரை' என்பதா 'ஆல் ஒழிய' என்பதா என்று, ஓ.எல். ஆங்கிலத்தில் சாதாரண சித்தி எடுத்த பிள்ளை தடுமாறிப் புரிந்துகொள்ளும். முதலில் செய்ய வேண்டியது வாக்கியத்தில் கடைசியில் நிற்கும். தமிழ் அப்படி இல்லை. நம்ம வினையெச்சம் வேலையின் வரிசையிலேயே நடக்கும். 'பின்னைச் செருகி, டோ பாரை மாட்டி, பிரேக் பிடிச்சிருக்கு என்று மேலே கேட்டு, பிறகு கட்டையை எடு.' வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே வேலையைச் செய்யலாம். செருகி, மாட்டி, கேட்டு, எடு. நன்னூலில் வினையெச்சம் படிக்கும்போது இதால் யாருக்கு என்ன பயன் என்று பின்வரிசையில் தூங்கினோமே. இதோ பயன்.

உடனே ஒரு குரல் வரும், எனக்குத் தெரியும். 'விமானத்துறையின் மொழி ஆங்கிலம். முடியாதவன் வேறு வேலை பார்க்கட்டும்.' இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கொழும்பில் படித்தவர்கள், அல்லது கொழும்பில் படித்த மாதிரிப் பேச ஆசைப்படுபவர்கள். அவர்களுக்கு ஒரு தகவல். வானத்தில் இருக்கும் விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசும் வானொலிக்குக்கூட சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி, தரை நிலையம் வழக்கமாகப் பேசும் மொழி அல்லது ஆங்கிலம் என்றுதான் சொல்கிறது. பாரிஸில் பிரெஞ்சு விமானி கோபுரத்தோடு பிரெஞ்சில் பேசுகிறார். விமானம் விழவில்லை. அப்படியிருக்க, கட்டையை எடுக்கும் தம்பியும் ட்ரக்டர் ஓட்டும் அண்ணனும் இங்கிலாந்துக்காரர் மாதிரிப் பேசணும் என்று எந்த வானத்திலிருந்து விதி இறங்கியது?

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டு விமானியோடு ஹெட்செட்டில் பேசுபவருக்கு அது கட்டாயம் தேவை, நல்லா படிக்கட்டும். ஆனால் ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று புரிந்துகொள்ளும் மொழி வேறு, அந்த வேலையில் ஒரு சில சொற்றொடரைப் பரிமாறும் மொழி வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்து, புரியாமல் மனப்பாடம் செய்தவனுக்குச் சான்றிதழ் கொடுப்பதுதான் இப்போ நடக்கிறது.

மறுபக்கத்திலிருந்தும் ஒரு குரல் வரும், அது நம்ம தமிழ் ஆர்வலர்கள். டோ பாருக்கு 'இழுவைத்தண்டு', ட்ரக்டருக்கு 'இழுபொறி' என்று அகராதி போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பார்கள். ஐயா, தயவுசெய்து வேண்டாம். டோ பார் டோ பாராகவே இருக்கட்டும், பைபாஸ் பின் பைபாஸ் பின்னாகவே இருக்கட்டும். நாளைக்கு டுபாயிலோ டோஹாவிலோ போய் நிற்கும்போது அந்தப் பெயர்கள்தான் கை கொடுக்கும். நமக்குத் தமிழில் வேண்டியது 'பிறகு', 'முன்னால்', 'அதுவரை', 'யார் சொன்னால்', 'யார் சொன்னாலும் கூடாது' என்பவை.

என் பெரியம்மா மகன் ஒருவர் வளைகுடா நாடொன்றில் ராம்பில் வேலை செய்கிறார். நான் வட்ஸ்அப்பில் கேட்டேன், உங்களுக்கு இதெல்லாம் யார் சொல்லித்தந்தது என்று. கண்டியில் படித்த கோர்ஸ் என்று சொல்வார் என நினைத்தேன். சிரித்தார். திருநெல்வேலிக்கார அண்ணாச்சி ஒருவர் டீ குடிக்கும் நேரத்தில் தீப்பெட்டியை விமானமாகவும் பேனையை டோ பாராகவும் வைத்துச் சொல்லிக்கொடுத்தாராம். தமிழில். அந்த அண்ணாச்சி அந்த ஷிப்டில் இல்லாமல் போயிருந்தால்? பாதுகாப்புப் பயிற்சி தமிழில் இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கு. அதிர்ஷ்டம் உள்ளவர்களுக்கு, டீ நேரத்தில்.

இந்த மண்ணில் தமிழில் வேலை சொல்வது முடியாத காரியமா என்ன? 1867 இல் கண்டிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டு ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார். அந்தத் தோட்டங்களை நடத்த வந்த வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தமிழ் படித்தார்கள். படித்தே ஆகவேண்டியிருந்தது. அவர்களுக்காக 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழ் வழிகாட்டிப் புத்தகம் அச்சாகியிருக்கிறது. அதன் பெயரே 'இங்கே வா'. மரியாதையைக் கவனியுங்கள். வேலை வாங்க வேண்டும் என்றால் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவனுக்கும் தமிழ் வரும். அதே தொழிலாளியின் கொள்ளுப்பேரனுக்கு 'அங்கே நிற்காதே, சில்லு ஏறும்' என்று சொல்ல மட்டும் தமிழ் கிடைக்காது, அதுவும் 1987 இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்று எழுதி வைத்த பிறகு.

இங்கே பொறுப்பு யாருக்கு என்றும் பேசணும். தனியார் பயிற்சி நிறுவனங்களைப் பதிவு செய்ய மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இருக்கிறது, 1990 இன் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். ஒரு நிறுவனம் தமிழில் விளம்பரம் போட்டுத் தமிழ்ப் பிள்ளையிடம் காசு வாங்கினால், உயிர் போகக்கூடிய வேலையின் பாதுகாப்புப் பகுதியைத் தமிழில் தர வேண்டும், தராவிட்டால் பதிவு இல்லை. சிங்களப் பிள்ளைக்குச் சிங்களத்தில். இதில் இனப் பிரச்சினை எதுவும் இல்லை. மஹியங்கனையிலிருந்து வரும் சிங்களத் தம்பியும் அதே ஆங்கிலப் பக்கத்தின் முன்னால் அதே மாதிரித்தான் விழிக்கிறான். இதற்கு ஆணைக்குழு புதுக் கட்டடம் கட்டத் தேவையில்லை. விமானம் கூடத் தேவையில்லை. பழைய லொறி ஒன்று, இரண்டு கட்டை, ஓர் இழுகம்பி, ஒரு மைதானம் போதும். ஆறு பேரை ஆறு இடத்தில் நிறுத்தி, 'கேட்டுச்சு', 'செஞ்சாச்சு' என்று நாள் முழுக்கச் சொல்லிப் பழக்கலாம். கோட் தைக்கும் காசில் பாதி போகாது.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பக்கம் எழுதியிருக்கோம். விமானத்துக்கு விமானம் கையேடு மாறும், அந்தக் கையேடுதான் கடைசி வார்த்தை. இது அதைப் படிக்கப் போகிறவருக்கு ஒரு கைவிளக்கு மட்டும். அதில் இப்படிப் போகிறது:

'விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார். படி, கேபிள், கதவு, கீழே கிடப்பது எதுவும் இடைஞ்சலாக இருக்கக் கூடாது. மேலே ஆள் இருக்கிறாரா, பிரேக் அழுத்தம் பச்சையில் இருக்கிறதா, பிரேக் பிடித்திருக்கிறதா என்று கேள். அவர் தன் வாயால் சொல்லணும். நீயாக நினைத்துக்கொள்ளாதே. பைபாஸ் பின்னைச் செருகி, சிவப்புப் பட்டி வெளியே தொங்குவதைப் பார்த்து, அந்த விமானத்துக்கு உரிய டோ பாரை முதலில் விமானத்தில் மாட்டி, பிறகு ட்ரக்டரில் மாட்டு. இறக்கை நுனிக்கு இரண்டு பேரும் போய் நின்று கை காட்டிய பிறகுதான் கட்டையை எடு. கட்டை எடுத்தாச்சு என்று சத்தமாகச் சொல். அதைக் கேட்ட பிறகு மேலே இருப்பவர் பிரேக்கை விட்டு, விட்டாச்சு என்று சொல்லணும். அதன் பிறகுதான் ட்ரக்டர் நகரலாம். ட்ரக்டருக்கும் முன் சில்லுக்கும் நடுவில் யாரும் நிற்காதே. டோ பாரில் ஏறாதே. ட்ரக்டரில் இருந்தால் பட்டி போடு. நின்ற பிறகு பிரேக் பிடித்து, கட்டை போட்டு, அதன் பிறகு டோ பாரைக் கழற்று. பின்னையும் கழற்றி, கையில் தூக்கிக் காட்டு. யாருக்காவது சந்தேகம் வந்தால் "நில்!" என்று கத்தலாம். வேலைக்கு வந்து முதல் நாளாக இருந்தாலும் கத்தலாம்.'

சிங்களப் பக்கத்தை எங்கள் பீடத்து நண்பி ஒருத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள். கட்டுநாயக்கவிலோ வளைகுடாவிலோ ராம்பில் நிற்கும் அண்ணன்மார் அக்காமார் பிழை கண்டால் திருத்தி அனுப்புங்கள். திருத்தி முடிந்ததும் அந்த மூன்று இடங்களுக்கும் நாங்களே கொண்டுபோய்க் கொடுப்போம். வாங்க மாட்டோம் என்றால் குட்செட் பக்கத்துச் சுவரில் கோட் போட்ட அந்தப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுவோம். பசை வாங்கியாச்சு.